ட்ராவல் ட்ரெய்லருக்கு எந்த ஃப்ரிட்ஜ்: புரொப்பேனா, வீட்டு ஃப்ரிட்ஜா?

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடு போன்ற ட்ராவல் ட்ரெய்லரோடு வந்த புரொப்பேன் கேஸ் ஃப்ரிட்ஜ் பத்து வருஷம் உழைத்துவிட்டுக் கைவிரித்துவிட்டது. அதே மாதிரி 8 கன அடி ஃப்ரிட்ஜ் புதிதாகப் போட 2,000 டாலர் பக்கம் வருகிறது. கடையிலோ 10 கன அடி வீட்டு ஃப்ரிட்ஜ் 500 டாலர் சொச்சத்துக்கு நிற்கிறது; இடமும் அதிகம், குளிர்ச்சியும் அதிகம். அமெரிக்காவிலும் கனடாவிலும் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் பலர் தடுமாறி நிற்கும் இடம் இதுதான். எதை வாங்கலாம் என்று கேட்பவரிடம், இரவில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலைப் பொறுத்து 500 டாலர் ஃப்ரிட்ஜ் 500 டாலரிலேயே முடியலாம், 2,000 டாலரைத் தாண்டியும் போகலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

கரண்ட் இல்லாத இரவுகள். போன வருஷத்துப் பயணங்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். ட்ரெய்லர்கள் காசு கொடுத்துத் தங்கும் தனியார் ஆர்.வி. பார்க்குகளில் 30 அல்லது 50 ஆம்ப் கரண்ட் இணைப்பு இருக்கும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் இருக்காது. யோசெமிட்டி பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகள் எதிலும் கிடையாது. யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க் ஒன்றில்தான் உண்டு. மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். என்ற மத்திய அரசுத் துறையின் நிலங்களில் பொதுவாக 14 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். அங்கே இருப்பது மண்ணும் வெயிலும் மட்டும். மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இந்த எண்ணிக்கைக்குத்தான் கனம் அதிகம்.

ஏற்கெனவே உள்ள பேட்டரியும் சோலாரும். டீலர் கொடுத்த ஒற்றை லெட்-ஆசிட் பேட்டரியா, லித்தியமா? கூரையில் எத்தனை வாட் பேனல்?

வெயில், உயரம், சாய்வு. அரிசோனா கோடைக்குப் போகிறவருக்கும் கொலராடோ மலைக்குப் போகிறவருக்கும் ஒரே ஃப்ரிட்ஜ் சரிவராது.

முழுச் செலவு. ஃப்ரிட்ஜின் விலையோடு இன்வெர்ட்டர், பேட்டரி, ஒயர், மரவேலை, பழைய துவாரங்களை அடைக்கும் வேலை எல்லாம் சேர்த்து.

இடம். ஃப்ரிட்ஜ் உட்காரும் பொந்தின் அகலம், உயரம், ஆழம். கூடவே ட்ரெய்லர் வாசலின் அகலம். பல ட்ரெய்லர்களில் வாசல் 24 முதல் 26 அங்குலம்தான். 24 அங்குல ஃப்ரிட்ஜைக் கதவைக் கழற்றினால்தான் உள்ளே நுழைக்க முடியும்.

## புரொப்பேன் ஃப்ரிட்ஜ்

இதில் கம்ப்ரஸர் கிடையாது, அசையும் பாகமே கிடையாது. 1922-ல் ஸ்வீடனில் பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய முறை இது. அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் அடைக்கப்பட்ட குழாய்கள் ஃப்ரிட்ஜின் முதுகில் இருக்கும். அடியில் ஒரு சிறு சுடரோ, கரண்ட் இருக்கும் இடத்தில் ஒரு ஹீட்டரோ அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கும். ஆவியாகி மேலே போகும் அம்மோனியா, கண்டென்சரில் திரவமாகி, உள்ளே இறங்கி, ஹைட்ரஜன் நடுவில் மறுபடி ஆவியாகும்போது பெட்டியின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் அதை உறிஞ்சித் திரும்பக் கீழே கொண்டுவரும். இந்தச் சுழற்சி முழுக்கப் புவியீர்ப்பை நம்பித்தான் நடக்கிறது. வண்டி சாய்ந்திருந்தால் பிரச்சினை வருவது அதனால்தான்.

பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி வரை பொதுவாகத் தாங்கும். அதற்கு மேல் சாய்ந்து மணிக்கணக்கில் ஓடினால் திரவம் ஓரிடத்தில் தேங்கிவிடும். சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். வறண்ட பாய்லர் குழாய் அளவுக்கு மீறிச் சூடேறும். துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் கட்டிதட்டிக் குழாயை அடைக்கும். ஒருமுறை அடைத்தது கரையாது. ஒவ்வொரு முறை சாய்வாக நிறுத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் சேதம் இது. ஐந்தாறு வருஷத்தில் ஒரு நாள் ஃப்ரிட்ஜ் நின்றுபோகும்போது காரணம் புரியாது. ஓடும் வண்டியில் இந்தக் கவலை இல்லை, குலுக்கலில் திரவம் நகர்ந்துகொண்டே இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குச் சரிவில் இரண்டு மணி நேரம் நிறுத்துவதுதான் ஆபத்து.

எரிபொருள் விஷயத்தில் இதற்கு ஈடில்லை. 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4.7 கேலன் புரொப்பேன், ஏறக்குறைய 4,30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம். பர்னர் மணிக்கு 1,500 பி.டி.யு. எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், கடும் வெயிலில் விடாமல் எரிந்தாலும் 12 நாள் வரும். மிதமான குளிரில் பாதி நேரம் அணைந்திருந்தால் மூன்று வாரத்தைத் தாண்டும். ட்ரெய்லரில் இரண்டு சிலிண்டர் இருக்கும். பேட்டரியிலிருந்து கண்ட்ரோல் போர்டுக்குப் போவது மிகச் சிறிய கரண்ட். ஆனால் அந்தச் சிறிய கரண்ட் கட்டாயம் வேண்டும்: பேட்டரி செத்தால் கேஸ் இருந்தும் ஃப்ரிட்ஜ் ஓடாது.

குறைகளும் கணிசம். அணைந்த நிலையிலிருந்து குளிர 8 மணி நேரமாவது ஆகும். ஒரு முழு நாள் ஆவதும் உண்டு. வெளியே 95, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் உள்ளே 40 டிகிரிக்குக் கீழே பிடித்து வைக்கத் திணறும். 40 டிகிரி, அதாவது 4 செல்சியஸ்தான் உணவுக்குப் பாதுகாப்பான எல்லை. பிற்பகலில் 46, 48 என்று ஏறி இறங்கும் ஃப்ரிட்ஜில் இட்லி மாவு இரண்டாம் நாளே பொங்கி மூடியைத் தள்ளும். தயிரும் அப்படித்தான் புளிக்கும். கூட்டுக் குடும்பமாகப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும், கதவைத் திறக்கத் திறக்க ஏறிய சூடு இறங்கவே நேரம் எடுக்கும்.

உயரமும் ஒரு தொல்லை. 5,500 அடிக்கு மேல் காற்று மெலிவதால் சுடர் தடுமாறி அணையலாம், அங்கே மின்சாரத்தில் ஓட்டுங்கள் என்று கையேடுகளே சொல்கின்றன. யெல்லோஸ்டோனின் கேன்யன், கிராண்ட் வில்லேஜ் கேம்ப்கிரவுண்டுகள் 7,700 அடிக்கு மேல் இருக்கின்றன, அங்கே கரண்ட் இணைப்பு இல்லை. பர்னர் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். அழுக்கான பர்னர் அங்கேதான் கழுத்தறுக்கும்.

அதனால் சீசன் தொடங்கும் முன் வெளிப்பக்கக் கீழ் மூடியைத் திறந்து பாருங்கள். தகரக் கவசத்துக்குள் எரியும் சுடர் கூராக, நீலமாக, மெல்லிய சீற்றத்தோடு இருக்க வேண்டும். நுனியில் மஞ்சள் ஆடினால் கரி பிடித்திருக்கிறது, அல்லது குளவியோ சிலந்தியோ பர்னர் குழாயில் கூடு கட்டியிருக்கிறது. கேஸை மூடி, சூடு ஆறிய பிறகு, பர்னரைக் கழற்றிக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யலாம். கேஸ் வெளிவரும் சிறு மூக்கான ஆரிஃபிஸின் துளையில் மட்டும் ஊசியோ கம்பியோ விடக்கூடாது. மயிரிழை அகன்றாலும் கேஸ் கூடுதலாக வந்து கரி மறுபடி படியும். ஆல்கஹாலில் ஊறவைத்து ஊதினால் போதும். கேஸ் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் இருக்கிறதா என்று மேனோமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய்களைச் சுற்றி மஞ்சள் பொடி தெரிந்தாலோ, மூக்கில் ஏறும் அம்மோனியா வாடை அடித்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். கசிவது அம்மோனியாவோடு ஹைட்ரஜனும்தான், பக்கத்திலேயே சுடர் எரிகிறது. பாய்லர் குழாயில் விரிசல் விட்டுத் தீப்பிடிக்கும் அபாயத்தால் 2006-ல் டொமெட்டிக் நிறுவனம் 9 லட்சத்துக்கும் அதிகமான ஃப்ரிட்ஜ்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. பழைய ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் சீரியல் எண்ணை வைத்து அந்தப் பழுது சரிசெய்யப்பட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

யாரும் எண்ணாத செலவு ஒன்று உண்டு. கரண்டில் ஓடும்போது இதன் ஹீட்டர் 300 முதல் 400 வாட் இழுக்கும். 325 வாட் ஹீட்டர் கோடையில் விடாமல் ஓடினால் நாளைக்கு 7.8 யூனிட். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஆவது ஒரு யூனிட் சொச்சம். சீசன் முழுக்க ஒரே இடத்தில் மீட்டர் வைத்துக் கரண்ட் கட்டுகிறவருக்கு இது மாதாமாதம் தெரியும். சோலாரையும் இன்வெர்ட்டரையும் வைத்து இந்த ஹீட்டரை ஓட்ட நினைக்கவே வேண்டாம்.

வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பால்டிமோர் துறைமுகச் சுரங்கத்திலும் ஃபோர்ட் மக்ஹென்றி சுரங்கத்திலும் ட்ரெய்லர் அளவு புரொப்பேன் சிலிண்டரோடு போக முடியாது. மாற்று வழியாக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டதால், நகரின் மேற்கே சுற்றித்தான் போக வேண்டும். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாறினாலும் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் சிலிண்டர் இருக்கும்வரை இந்தத் தடை உங்களுக்கும் உண்டு.

## வீட்டு ஃப்ரிட்ஜ்

குளிர்விப்பதில் இதற்குப் போட்டியே இல்லை. இரண்டு மூன்று மணி நேரத்தில் குளிர்ந்துவிடும், ஃப்ரீஸரில் ஐஸ்க்ரீம் கல்லாக நிற்கும், சாய்வும் உயரமும் பொருட்டல்ல, வாங்குகிற விலையும் குறைவு. ஒவ்வோர் இரவும் கரண்ட் இணைப்பில் நிற்பவர் இதற்கு மேல் படிக்காமல் வாங்கிவிடலாம்.

மற்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் கரண்ட் செலவு காட்டும் மஞ்சள் சீட்டில் வருஷத்துக்கு 320 யூனிட் என்று இருக்கிறது. 365-ஆல் வகுத்தால் நாளைக்கு 0.88. ட்ரெய்லரின் சூட்டில் 1.1 என்று வையுங்கள். இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் வீணானால் 1.2. கம்ப்ரஸர் ஓடாமல் நிற்கும்போதும் இன்வெர்ட்டர் சும்மா 20 வாட் தின்றுகொண்டிருக்கும். 24 மணி நேரத்துக்கு 0.48 யூனிட். மொத்தம் 1.7 யூனிட் பக்கம் வருகிறது, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் கணக்கில், 12.8 வோல்ட்டில் சுமார் 130 ஆம்பியர்-மணி. இன்வெர்ட்டர் சும்மா தின்னும் அந்த 20 வாட்டைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

டீலர் கொடுக்கும் குரூப் 24 லெட்-ஆசிட் பேட்டரியில் கெடுக்காமல் எடுக்கக்கூடியது 40 ஆம்பியர்-மணி போல. இரவு பத்து மணிக்கு முழு சார்ஜோடு விட்டால் விடிகாலை ஐந்துக்குள் தீர்ந்துவிடும், ஃபர்னஸ் விசிறி ஓடினால் அதற்கும் முன்னால். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு வைத்தால் ஒன்றரை நாள் தாங்கும். அதைத் தினமும் நிரப்ப நல்ல வெயிலில் 500, 600 வாட் பேனல் வேண்டும். மரநிழலில் நிறுத்தினால் பேனலை நம்ப முடியாது, ஜெனரேட்டர்தான். அதற்கும் பல கேம்ப்கிரவுண்டுகளில் நேரக் கட்டுப்பாடு உண்டு. இழுக்கும் வண்டியின் 7 பின் இணைப்பு வழியாகப் பேட்டரி தானே ஏறிவிடும் என்றும் எண்ண வேண்டாம். மெல்லிய ஒயரில் சில ஆம்பியர்தான் வரும். தடித்த ஒயரும், வண்டியின் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜரும் போட்டால்தான் உருப்படியாக ஏறும்.

இன்வெர்ட்டர், வீட்டுக் கரண்டைப் போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மலிவான மாடிஃபைட் வகையில் கம்ப்ரஸர் உறுமும், சூடேறும், கண்ட்ரோல் போர்டு போய்விடும். ஓடும்போது 100 வாட்தான் என்றாலும் பழைய வகை கம்ப்ரஸர் கிளம்பும்போது 1,000 வாட்டுக்கு மேல் ஒரு கணம் இழுக்கும். பனி உருக்கும் ஹீட்டர் தனியே சில நூறு வாட் கேட்கும். வேகம் மாறும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள மாடலைத் தேடி வாங்கினால் அந்த உதைப்பு இல்லை.

சாலையில் வேறு தொல்லைகள். கதவைப் பிடித்திருப்பது வெறும் காந்தப் பட்டைதான். முதல் வளைவிலேயே திறந்து பால் டப்பா தரையில் உருளும். குழந்தைகளுக்கான கொக்கியோ வார்ப்பட்டையோ கட்டாயம். பெட்டியை நிலைநிறுத்தும்போது பக்கச் சுவரில் ஸ்க்ரூ போடாதீர்கள். இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் கண்டென்சர் குழாய் அந்தச் சுவருக்குள்ளேதான் ஓடுகிறது, உள்ளே இருப்பது எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன். அடிப்பாகத்தில் எல் கிளாம்ப், மேலே மரச்சட்டம், இப்படித்தான் பிடிக்க வேண்டும். பக்கங்களிலும் மேலேயும் கையேடு சொல்லும் இடைவெளியை விடாவிட்டால் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்யாகும்.

குளிர்காலப் பயணிகளுக்கு இன்னொன்று. ட்ரெய்லருக்குள் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், கீழ்ப்பெட்டியை மட்டும் பார்த்து ஓடும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரைக் கிளப்பாது; ஃப்ரீஸரில் இருக்கும் மீன் மெல்ல இளகிவிடும். வாரன்ட்டியையும் படித்துப் பாருங்கள், வாகனத்தில் பொருத்தினால் செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கின்றன.

## நடுவில் இருக்கும் 12 வோல்ட் கம்ப்ரஸர்

புதிய ட்ரெய்லர்களில் இப்போது பெரும்பாலும் வருவது இதுதான். வீட்டு ஃப்ரிட்ஜ் போலக் கம்ப்ரஸர், ஆனால் பேட்டரியிலிருந்து நேராக ஓடும். இன்வெர்ட்டர் தீனி மிச்சம். 10 கன அடிக்கு நாளைக்கு 60 முதல் 90 ஆம்பியர்-மணி ஆகும். கதவுக் கொக்கியும் சாலைக்கான பிடிமானமும் முதலிலேயே இருக்கும். விலை 1,100 முதல் 1,600 டாலர். இதிலும் ஒற்றை லெட்-ஆசிட் பேட்டரி ஓர் இரவுக்கு மேல் தாங்காது. பழைய கேஸ் ஃப்ரிட்ஜின் 12 வோல்ட் ஒயர் கண்ட்ரோல் போர்டுக்காகப் போட்ட மெல்லிய ஒயர். அதிலேயே மாட்டினால் வழியிலேயே வோல்டேஜ் விழுந்து, பேட்டரி பாதி நிரம்பியிருக்கும்போதே ஃப்ரிட்ஜ் அணைந்துவிடும். 10 கேஜ் ஒயரைப் பேட்டரிப் பக்கமிருந்து தனியாக இழுத்து, கையேடு சொல்லும் ஃப்யூஸ் போடுங்கள்.

| | புரொப்பேன் | வீட்டு ஃப்ரிட்ஜ் | 12 வோல்ட் |
|---|---|---|---|
| கருவியின் விலை (டாலர்) | 1,800–2,500 | 400–700 | 1,100–1,600 |
| கூடுதலாக வாங்க வேண்டியது | பெரிதாக இல்லை | இன்வெர்ட்டர், லித்தியம், பேனல் | லித்தியம், பேனல், தடித்த ஒயர் |
| கரண்ட் இல்லாமல் | 12 நாள் முதல் 3 வாரம், ஒரு சிலிண்டருக்கு | 200 ஆம்பியர்-மணி லித்தியத்தில் ஒன்றரை நாள் | அதே பேட்டரியில் 2 முதல் 3 நாள் |
| 100 டிகிரி வெயில் | திணறும் | நன்று | நன்று |
| 7,000 அடி உயரம் | சுடர் அணையலாம் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| சாய்வு | நிரந்தரச் சேதம் | கவலையில்லை | கவலையில்லை |

## யாருக்கு எது

பத்து இரவில் ஒன்பது கரண்ட் இணைப்பில் நிற்பவர், ஒரே இடத்தில் சீசன் முழுக்க வண்டியை விட்டுவைப்பவர்: வீட்டு ஃப்ரிட்ஜ். பயண நாளில் ஆறு மணி நேரம் ஓட்டினாலும் சிறு இன்வெர்ட்டரும் ஒரு லித்தியமும் போதும். அதுவும் வேண்டாமென்றால் நன்றாகக் குளிர வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, கதவைத் திறக்காமல் நான்கு மணி நேரம் அணைத்து வைக்கலாம்.

காட்டுக்குள் பத்து நாள் தங்கி, கூரையில் ஒரு பேனல்கூட இல்லாதவர்: புரொப்பேன். வேட்டைக்காரர்களும் இலையுதிர் காலத்தில் மரநிழலில் முகாமிடுகிறவர்களும் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

லித்தியமும் 400 வாட் பேனலும் ஏற்கெனவே வைத்திருப்பவர் வீட்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போகவே வேண்டாம், 12 வோல்ட் எடுங்கள். கரண்ட் இல்லாத இடங்களுக்குப் போகும் சாதாரண ட்ராவல் ட்ரெய்லரில் 500 டாலர் வீட்டு ஃப்ரிட்ஜ் லாபமாக முடிவது அரிது என்பதே எங்கள் கணிப்பு. பிக்கப் லாரியின் மேல் பூட்டி இழுக்கும் பெரிய ட்ரெய்லரான ஃபிஃப்த் வீலில் பேட்டரிக்கு இடமும் எடை தாங்கும் வலுவும் இருக்கும்; ட்ராவல் ட்ரெய்லரின் மூக்கில் இரண்டு லெட்-ஆசிட் பேட்டரி கூடினால் 100 பவுண்டு பக்கம் நேராக வண்டியோடு பூட்டும் ஹிட்ச் மீது இறங்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் கேஸ் ஃப்ரிட்ஜை யாரும் கழற்ற வேண்டியதில்லை. வெயிலில் மட்டும் திணறுகிறது என்றால் முதுகுப்பக்கக் காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள்: குழாய்களுக்கும் ட்ரெய்லர் சுவருக்கும் இடையில் ஓர் அங்குலத்துக்கு மேல் வெற்றிடம் இருந்தால் தகடு வைத்துக் குறைத்து, மேலே போகும் காற்று குழாய்கள் வழியாகவே போகும்படி செய்ய வேண்டும், கூடவே 12 வோல்ட் சிறு விசிறி இரண்டு. குளிர்விப்பு யூனிட் மட்டும் செத்து, பெட்டி நன்றாக இருந்தால், இண்டியானாவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பட்டறைகள் செய்யும் மாற்று யூனிட்டைப் பொருத்தலாம். அதே பெட்டியின் முதுகில் மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸர் யூனிட்டும் கிடைக்கிறது, மரவேலையே தேவையில்லை.

## கழற்றி மாற்றுவதானால்

முதல் வேலை சிலிண்டர் வால்வை மூடி, அடுப்பைப் பற்றவைத்துக் குழாயில் மிச்சமுள்ள கேஸை எரித்து முடிப்பது. ஃப்ரிட்ஜின் 3/8 அங்குல ஃபிளேர் இணைப்பைக் கழற்றியதும் பித்தளை ஃபிளேர் மூடி போட்டு இறுக்குங்கள். டேப்பைச் சுற்றி மடித்துவிடுவது, வால்வை மூடிவிட்டு அப்படியே விடுவது இரண்டும் கூடாது. சிலிண்டரைத் திறந்து சோப்புத் தண்ணீர் தடவி ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். ஒரு குமிழி வந்தாலும் மறுபடி இறுக்கல்.

பின்னால் இருக்கும் 120 வோல்ட் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டரோடு சேர்ந்ததல்ல, கேம்ப்கிரவுண்டு கரண்டில் மட்டும் உயிர் பெறும். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வெளிக் கரண்டுக்கும் பேட்டரிக்கும் தானே மாறும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் உள்ள இன்வெர்ட்டர் வழியாக அதைத் திருப்ப வேண்டும். லித்தியம் பேட்டரியை ட்ரெய்லருக்குள் வையுங்கள், 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது.

கூரைத் துவாரத்தையும் பக்கவாட்டுத் துவாரத்தையும் அடைக்காமல் விட்டால் மழையும் எலியும் சூடும் அதன் வழியே வரும். கூரையில் தகடு வைத்து லேப் சீலன்ட் பூசுங்கள், உள்ளே இரண்டு அங்குல ஃபோம் பலகை. காற்று இனி ட்ரெய்லரின் உள்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும் என்பதால் ஃப்ரிட்ஜின் கீழேயும் மேலேயும் மரச்சட்டத்தில் கிரில் வெட்டிவிடுங்கள். புதிய ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே ஸ்விட்சைப் போடுங்கள். எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்பட்டும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் வைத்து, மறுநாள் காலை 38 டிகிரி காட்டுகிறதா என்று பார்த்த பிறகே சாமான் அடுக்குங்கள்.